தேயாமல் வைத்த கிளாரினெட்

நீங்கள் கொடுத்த பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டுப் பென்சில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டேன். தவறாக நினைக்க வேண்டாம். முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் ஆவணக் காப்பகத்தின் சேமிப்பறையில் வேலை பார்த்தவள் நான். பழைய தாள்களின் பக்கத்தில் மை இருக்கவே கூடாது என்பது அங்கே முதல் நாளே சொல்லித்தரும் பாடம். ஓய்வுபெற்று மூன்று ஆண்டாகியும் மளிகைச் சாமான் பட்டியலைக்கூடப் பென்சிலில்தான் எழுதுகிறேன். என் கணவர் ஜலாலுதீன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அவரால் சிரிக்க முடிந்த காலத்தில்.

இன்ஸ்பெக்டர் ஆதவன், நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு எங்கள் வீட்டில் கிளாரினெட் சத்தம் கேட்டதாகப் பக்கத்து வீட்டு சிவகாமசுந்தரி சொல்லியிருக்கிறார். நான் ஆம்புலன்ஸை அழைத்தது மூன்று முப்பத்தொன்றுக்கு. இடையில் இருபத்தொரு நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். "யோசிச்சு மெதுவா சொல்லுங்க ஆன்ட்டி, ரஷ் இல்லை" என்றீர்கள். எழுதித் தருகிறேன் என்றேன், சரி என்றீர்கள்.

கேள்விக்கு மட்டும் பதில் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் முன்னும் பின்னும் இல்லாத ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு யாரும் எதையும் புரிந்துகொள்ள முடியாது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கிளாரினெட் 1998இல் எங்கள் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தது. அவர் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். சனிக்கிழமைகளில் சமூக மன்றத்துக் காற்றிசைக் குழுவில் வாசிப்பார். அதுவரை பள்ளிப் பிள்ளைகள் ஊதுகிற பிளாஸ்டிக் கிளாரினெட்தான். ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்த ஒன்று வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அது வந்த அன்று நான் கையுறை போட்டுக்கொண்டு, ஐந்து துண்டுகளையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்து, எங்கே எந்தப் பொட்டு, எங்கே எந்த ரேகை என்று நிலைக்குறிப்பு எழுதினேன். காப்பகத்துக்கு எந்தப் பொருள் புதிதாக வந்தாலும் அப்படித்தான் எழுதுவோம்.

"பொண்ணு பார்க்க வந்தப்பகூட என்னை நீ இவ்ளோ உத்துப் பார்க்கலையே, நஃபீ" என்றார் அவர்.

உண்மைதான். பார்க்கவில்லை.

புதிய மரக் கிளாரினெட்டை முதல் இரண்டு வாரம் நாளுக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஊதக் கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். மூச்சின் ஈரத்துக்கு மரம் மெல்ல மெல்லப் பழக வேண்டும், அவசரப்பட்டால் விரிசல் விடும். நான் சமையலறைக் கடிகாரத்தில் மணி வைத்து, அடித்ததும் வாயிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிவிடுவேன். எங்கள் இல்லறத்தில் அவர் நான் சொன்னபடி கேட்டு நடந்தது அந்த இரண்டு வாரம்தான். பிறகு அவர் பாட்டுக்கு ஊதினார். முடித்ததும் ஈரத்தோடு சோபாவில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். நான் எடுத்துப் பிரித்து, பட்டுத் துணியை உள்ளே விட்டு இழுத்துத் துடைத்து, ஒவ்வொரு துளைமூடிக்கும் அடியில் மெல்லிய தாள் செருகி ஈரத்தை ஒற்றியெடுத்து, பெட்டியில் வைப்பேன். இருபத்தைந்து ஆண்டுகள் அப்படி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் யாரும் அவசரமாகக் கூப்பிட்டு என் வேலையைக் கெடுத்ததில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டும் அது தேய்ந்தது. அவருடைய இடது கை விரல்கள் படுகிற இடங்களில் வெள்ளி முலாம் போய் மஞ்சள் உலோகம் தெரிந்தது. ஊதுவாயில் பற்கள் பதிந்து இரண்டு குழி விழுந்தது. 2009இல் மேல்துண்டில் நக நீளத்துக்கு ஒரு விரிசல். அதைக் கண்டுபிடித்த அன்று நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் தாயார் மௌத்தான அன்று அழுத அளவுக்கு அழுதேன்.

"மரம்னா விரியத்தான் செய்யும்" என்றார் அவர். "ஊதத்தானே வாங்கினோம்? சும்மா வைக்கறதுக்கா?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எங்கள் இருவருக்கும் அந்த ஒரு விஷயத்தில் என்றுமே ஒத்துப்போனதில்லை. காப்பகத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தது வேறு. ஒரு பொருளுக்குப் பூச்சியைவிட, ஈரத்தைவிட, வெயிலைவிடப் பெரிய கேடு அதை எடுத்துப் புழங்குவதுதான். அதனால்தான் வருகிறவர்களுக்கு நகலைக் கொடுப்போம். அசல் பெட்டிக்குள் இருக்கும். முப்பத்தொரு ஆண்டில் என் கைவழியாகப் போன எந்த அசலிலும் புதிதாக ஒரு மடிப்புகூட விழுந்ததில்லை. வருகிறவர்கள் கெஞ்சுவார்கள், சிலர் கோபப்படுவார்கள். கொஞ்ச நேரத்தில் நகலோடு பழகிவிடுவார்கள். எல்லோரும் பழகிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

போன ஆண்டு ஜனவரியில் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். மீன்காரரிடம் அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வந்தது சொல்லாக இல்லை. அவரே திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். மறுபடி முயன்றார். வலது கையிலிருந்த பை நழுவி விழுந்தது. நான் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மீன்காரர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கை பாதிக்கு மேல் வரவில்லை. வலது கால் இழுத்து இழுத்து நடந்தது. பேச்சு முழுதாகப் போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரியும், அவரால் ஒரு சொல் எடுக்க முடியாது. எழுதவும் வராது. நாற்பது ஆண்டு வாய் ஓயாமல் பேசிய மனிதர் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நான் பயந்தேன். இரவும் பகலும் பயந்தேன். அவருக்கு என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வரும் பேச்சுச் சிகிச்சையாளர் கவிப்ரியா என்ற இளம்பெண். ஜூன் மாதம் ஒருநாள் அலமாரியில் கிளாரினெட் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது அங்கிளோடதா?" என்று கேட்டாள். துண்டுகளைப் பொருத்தி அவர் முட்டிகளுக்கு இடையில் நிறுத்தினாள். மேல்பாதித் துளைகளுக்கு இடது கை மட்டும் போதும். அவர் ஊதுவாயைக் கவ்வினார். உதட்டோரத்தில் எச்சில் வழிந்தது, ஆனால் சத்தம் வந்தது. ஏழு சுரங்கள் அவருக்கு மிச்சம் இருந்தன.

கவிப்ரியா அந்த ஏழை வைத்துப் பதினோரு அழைப்புகளை அவருக்குப் பழக்கினாள். இரண்டு சுரம் இறங்கினால் தண்ணீர். மூன்று ஏறினால் கழிப்பறை. வலி என்றால் ஒரே சுரம் விட்டுவிட்டு. நீண்டு ஒலிக்கும் ஒன்று, வா என்பதற்கு. என் பெயருக்குக்கூட ஒன்று இருந்தது. முதல்முறை அதை ஊதியபோது அவர் அழுதார், கவிப்ரியா அழுதாள். நான் ஊதுவாயிலிருந்து வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்த எச்சிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆன்ட்டி, திஸ் இஸ் ஹிஸ் வாய்ஸ், லா" என்றாள் போகும்போது. "எப்பவும் அவர் மடியிலேயே இருக்கணும். பாக்ஸ்ல வெச்சுடாதீங்க, ஓகே?"

நான் தலையாட்டினேன்.

ஒரு நாளைக்கு நாற்பது முறை, ஐம்பது முறை ஊதினார். தண்ணீருக்கு, விசிறிக்கு, சன்னலைத் திறக்க, மூட. சில நேரம் ஒன்றும் வேண்டாமல் சும்மா என்னைக் கூப்பிடுவார். நான் போய் நின்றால் சிரிப்பார், ஒரு பக்க உதட்டால். நாள் முழுக்கக் கிளாரினெட் வெயிலடிக்கும் சன்னலோரம் ஈரத்தோடு பிரிக்காமலே இருந்தது. துடைக்க எடுத்தால் பாதியிலேயே கையை நீட்டுவார். இரண்டே மாதத்தில் ஊதுவாயில் மூன்றாவது குழி விழுந்தது. 2009இன் விரிசல் அரை நகம் நீண்டது. நான் பழைய நிலைக்குறிப்பின் கீழே தேதி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ஒரு மரக் கிளாரினெட்டைத் தொடர்ந்து ஊதினால் உள்துளையே வளைந்து ஓய்ந்துபோகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தார். அப்படியெல்லாம் இல்லை என்று வேறு நான்கு பேர் எழுதியிருந்தார்கள். நான் முதலாமவரை நம்பினேன்.

முதலில் பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அவருடைய தளர்ந்த உதடுகளுக்கு அதில் சத்தம் எழவில்லை. பழைய மரக் கிளாரினெட்டின் ஊதுவாய் அவருடைய பற்களுக்கு ஏற்றபடி குழிந்திருந்தது, அதில்தான் அவருக்குப் பிடி கிடைத்தது. இதை இப்போது எழுதும்போது எனக்குத் தெரிகிறது. அப்போது பிடிவாதம் என்று நினைத்தேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். பதினோரு அழைப்புகளையும் அவரை ஊதவைத்துப் பதிவு செய்தேன். கைக்கணினியில் பதினோரு படங்கள் வைத்து, படத்தைத் தொட்டால் அவருடைய கிளாரினெட் ஒலிக்கும்படி மருமகன் முறையாகும் ஷாஹித்தைச் செய்துதரச் சொன்னேன். நல்ல நகல். காதால் வேறுபாடு கண்டுபிடிக்க முடியாது. அவன் அதைத் தந்த அன்று பிற்பகல் சையது ஆல்வி சாலைக்குப் போய்ப் புகைப்படக் கருவிகளை வைக்கும் ஈரத்தடுப்புப் பெட்டி ஒன்று வாங்கி வந்தேன். கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே ஈரப்பதம் காட்டும் முள். ஐம்பதில் நிறுத்தி, கிளாரினெட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன். அது அக்டோபர்.

அவருக்குப் படங்கள் குழம்பின. தண்ணீருக்கு விசிறியைத் தொடுவார். கொஞ்ச நேரம் தொடாவிட்டால் திரை அணைந்துவிடும், அதை எழுப்ப அவருக்கு வராது. இருட்டுத் திரையை விரலால் குத்திக்கொண்டே இருப்பார். கழிப்பறைக்கு என்று எனக்குத் தெரிவதற்குள் காரியம் ஆகிவிடும். அதனால் டயப்பர் போட்டுவிட்டேன். அவர் அப்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார். நான் விரல்களை எடுத்துவிட்டுப் போட்டேன். அவர் நாற்காலியைக் காலால் உந்தி உந்தி அந்தப் பெட்டிக்கு முன் கொண்டுபோய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தினமும் மாலையில் அந்தக் கைத்தடத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

சிவகாமசுந்தரி ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார். "என்னக்கா, அண்ணன் வாசிக்கிற சத்தத்தையே காணோம்? முன்னெல்லாம் துணி காயப் போடும்போது கேட்டுக்கிட்டே இருப்பேன், லா."

"ரெஸ்ட் எடுக்கறாரு" என்றேன்.

கவிப்ரியா செவ்வாய்க்கிழமைகளில் நான்கு மணிக்கு வருவாள். நான் மூன்று மணிக்குப் பூட்டைத் திறந்து, கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தித் தயாராக வைப்பேன். அவள் வந்ததும் அவர் மடியில் இருக்கும். அவள் போனதும் பெட்டிக்குள் போகும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகிய மனிதருக்குப் பதினோரு அழைப்புகள் ஏழாயின. பிறகு நான்காயின. அந்த ஒரு மணி நேரமும் அவர் என் பக்கம் கண்ணைக் காட்டிக் காட்டி என்னென்னவோ ஊதுவார். அது எந்த அழைப்பிலும் சேராது. கவிப்ரியா குழம்புவாள்.

"வீட்ல டெய்லி யூஸ் பண்றாருதானே, ஆன்ட்டி? ஏன் டிராப் ஆகுதுன்னு புரியலை."

"பண்றாரும்மா. சீக்கிரம் களைச்சுப் போயிடறாரு" என்றேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் பொய் சொன்னவள் இல்லை. அந்த ஐந்து மாதத்தில் ஒவ்வொரு செவ்வாயும் சொன்னேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மறுத்துச் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் அவரை வெறுத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். நாற்பது ஆண்டில் ஒருநாளும் வெறுத்ததில்லை. அவர் என் கண்ணெதிரே நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தார், அதைத் தடுக்க எனக்கு வழி தெரியவில்லை. இன்னொன்றைத் தடுக்க முடிந்தது. அதைத் தடுத்தேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அந்தச் செவ்வாய் மூன்று மணிக்குக் கிளாரினெட்டைப் பொருத்திச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, கவிப்ரியாவுக்காகக் கடலைப்பருப்பு வடை போட அடுப்படிக்குப் போனேன். அவருடைய நாற்காலி கூடத்தின் மறுபக்கம் இருந்தது. வடை பொரிவதற்குள் அவர் அவ்வளவு தூரம் போய்விடுவார் என்று நினைக்கவில்லை. மூன்று பத்துக்கு நீண்ட சுரம் கேட்டது. வா என்பது. சிவகாமசுந்தரி கேட்டது அதைத்தான். எண்ணெயில் நான்கு வடை கிடந்தன. அவற்றை எடுத்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போனேன்.

அவர் மேசைக்குக் கீழே மல்லாந்து கிடந்தார். முகத்தின் வலப்பக்கம் மறுபடி இறங்கியிருந்தது. நாக்கைக் கடித்திருக்க வேண்டும், வாயில் இரத்தம். கிளாரினெட் தரையில் மோதவில்லை. விழும்போது அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதுகைக் கொடுத்திருக்கிறார். என்னைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஊதினார். அது பதினோரு அழைப்புகளில் ஒன்றல்ல. ஆனால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை என்று எழுதினால் அது பொய். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் மருத்துவமனை கொடுத்த தாள் ஒட்டியிருக்கிறது, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம் என்று பெரிய எழுத்தில். கைபேசி என் சட்டைப் பையில் இருந்தது.

நான் குனிந்து கிளாரினெட்டை எடுத்தேன். அவர் விடவில்லை. இடது கையில் அவ்வளவு பலம் மிச்சம் இருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஊதுவாய் முழுக்க இரத்தமும் எச்சிலும். இரத்தம் காயவிட்டால் துண்டுகள் சேரும் இடத்துத் தக்கையில் ஊறிப்போகும், பிறகு எடுக்கவே முடியாது. மேசையில் துணி விரித்து ஐந்து துண்டுகளாகப் பிரித்தேன். ஊதுவாயைக் கழுவினேன். உள்துளையில் துணியை நான்கு முறை இழுத்தேன், கறை போகும்வரை. மூடிகளுக்கு அடியில் தாள் செருகி ஒற்றினேன், ஒன்றைக்கூட விடவில்லை. தக்கைகளுக்கு மெழுகு தடவினேன். பெட்டியில் வைத்துப் பூட்டி, முள் ஐம்பதுக்கு வரும்வரை நின்றேன். அவர் அவ்வளவு நேரமும் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, கடைசி ஐந்து நிமிடம் அதுவும் இல்லை. பிறகு ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன்.

அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. புரிந்தது. பக்கத்தில் நின்றும் உதவவில்லை. ஐந்து மாதம் அவருடைய வாயைப் பூட்டி வைத்ததும் நான்தான். இதில் ஷாஹித்துக்கோ கவிப்ரியாவுக்கோ எந்தப் பங்கும் இல்லை. நான், நஃபீசா, சுயநினைவோடு எழுதுகிறேன்.

இப்போது அவருக்கு இடது கையும் வராது, மூச்சும் குழாய்வழிதான். கண் மட்டும் அசைகிறது. தினமும் பன்னிரண்டு மணிக்கு மருத்துவமனை வார்டுக்குப் போகிறேன், நீங்கள் விடும்வரை போவேன். அவருடைய காதருகே குனிந்து, உங்க கிளாரினெட் பத்திரமா இருக்கு, புதுசா ஒரு கீறல்கூட இல்லை, இனிமே யாரும் அதைத் தொட மாட்டாங்க என்று சொல்வேன். நான் சொல்லச் சொல்ல அவருடைய கண்ணிலிருந்து நீர் வழிந்து தலையணையில் இறங்கும். கவலை தீர்ந்தவர்களுக்கு அப்படித்தான் வரும்.